எஃப்எஸ்சிகே ஓட்டிய பிறகும் பிழை திரும்பி வந்தால்: கோப்பு முறைமையா, வன்தட்டா?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இவ்வளவுதான். உபுன்டு ஓடும் மேசைக் கணினி, 1 டிபி கொள்ளளவுள்ள சுழலும் வன்தட்டு, அதில் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை. வேலைக்கு நடுவில் திடீரென்று எதையும் சேமிக்க முடியாமல் ‘ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்’ என்று வருகிறது. மறுபடி பூட் செய்தால், கோப்பு முறைமையைச் சரிபார்த்துத் திருத்தும் எஃப்எஸ்சிகே (fsck) கட்டளையைக் கையால் ஓட்டச் சொல்லி நின்றுவிடுகிறது. எல்லாக் கேள்விக்கும் ‘ஆம்’ சொல்லிவிடும் ஒய் விருப்பத்தோடு ஓட்டினால் எழுந்து நிற்கிறது, இரண்டு நாளில் மறுபடி விழுகிறது. தட்டு தன் உடல்நிலையைத் தானே கணித்துச் சொல்லும் ஸ்மார்ட் பரிசோதனை ‘பாஸ்டு’ என்று சொல்வதால் தட்டு நன்றாகத்தான் இருக்கிறது என்று முடிவுசெய்து, பழுதை நிரந்தரமாக நீக்க எஃப்எஸ்சிகே-க்கு வேறு எந்த விருப்பத்தைக் கொடுக்கலாம் என்று கேட்கிறீர்கள். அப்படி ஒரு விருப்பம் கிடையாது. உங்கள் கேள்விக்கு அடியில் இருக்கும் உண்மையான கேள்வி இந்தத் தட்டை இனி நம்பலாமா என்பதுதான். நீங்கள் இணைத்திருக்கும் வரிகளை வைத்து அதற்குப் பெருமளவு பதில் சொல்ல முடியும். அதைப் படித்து முடிக்கும்வரை தயவுசெய்து எஃப்எஸ்சிகே-யை இன்னொரு முறை ஓட்டாதீர்கள்.

முதலில் அந்த ‘ரீட்-ஒன்லி’ செய்தியைப் பார்ப்போம். அது நோயின் பெயர் அல்ல. எந்தப் பார்ட்டிஷனை எப்படி இணைப்பது என்று சொல்லும் உபுன்டுவின் எஃப்எஸ்டேப் கோப்பில், மூலப் பார்ட்டிஷனுக்கு (இயங்குதளம் இருக்கும் தட்டுப் பிரிவுக்கு) எதிரே, பிழை கண்டால் படிக்க மட்டும் என்ற நிலைக்கு மாறிவிடு என்னும் விருப்பம் வழக்கமாக எழுதப்பட்டிருக்கும். கோப்பு முறைமை தன் உட்கணக்கில் முரண்பாடு எதையேனும் கண்டாலோ, மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் தன் ஜர்னலில் எழுத முடியாமல் போனாலோ, சேதம் பரவாமலிருக்க எழுத்தை நிறுத்திக்கொள்கிறது. அந்த முரண்பாட்டைத் தட்டின் பரப்பில் ஏற்பட்ட பழுது உண்டாக்கியிருக்கலாம், தளர்ந்த சாட்டா கேபிள் உண்டாக்கியிருக்கலாம், மின்வழங்கியின் தடுமாற்றம் உண்டாக்கியிருக்கலாம், ஒரு பிட்டைப் புரட்டிப் போடும் ரேமும் உண்டாக்கியிருக்கலாம். நான்குமே கடைசியில் ஒரே செய்தியில் வந்து முடிவதால், அந்தச் செய்தியை எத்தனை முறை படித்தாலும் காரணம் தெரியாது. அதற்குச் சில விநாடிகள் முன்பு கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) பதிந்த வரிகளில்தான் அது இருக்கிறது.

அந்த வரிகளை நீங்கள் கைப்பேசியில் படம்பிடித்து வைத்திருப்பது நல்ல காரியம், ஏனென்றால் மூலப் பார்ட்டிஷனே படிக்க மட்டும் என்று ஆகிவிட்டால், அந்தப் பிழையைப் பற்றிய பதிவைக்கூட அதே தட்டில் எழுத முடியாது. மறுபடி பூட் செய்த பின், கணினியின் பதிவுகளைக் காட்டும் ஜர்னல்சிடிஎல்-லில் முந்தைய பூட்டின் பதிவைத் தேடுகிறவர்கள், முக்கியமான இடத்தில் பதிவு அறுந்து நிற்பதைக் கண்டு குழம்புவது இதனால்தான். பிழை வந்த உடனே, பூட் செய்வதற்கு முன்பே, கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் (dmesg) கட்டளையின் வெளியீட்டைப் படமெடுத்துக்கொள்வதுதான் பத்திரமான வழி. உங்கள் படத்தில் எஸ்டிஏ என்ற தட்டின் 211814405 என்ற செக்டரில் (தட்டின் சிறு சேமிப்பு அலகில்) ஐஓ எரர், அதாவது படிப்பதிலோ எழுதுவதிலோ பிழை, என்று ஒரு வரியும், அதற்கு மேலே ‘யுஎன்சி’ என்ற மூன்றெழுத்தும் தெளிவாகத் தெரிகின்றன. அந்த மூன்று எழுத்துகள்தான் இந்த விவகாரத்தில் மிகப் பெரிய சாட்சி. படித்தேன், பிழைதிருத்தக் குறியீட்டைக் கொண்டும் மீட்கப் பார்த்தேன், முடியவில்லை என்று தட்டே தன் வாயால் சொல்வதுதான் யுஎன்சி. அந்த இடத்தில் ‘ஐசிஆர்சி’ என்று இருந்திருந்தால், தட்டுக்கும் மதர்போர்டுக்கும் இடையிலுள்ள பாதையில் தரவு கெடுகிறது என்று பொருள்படும், முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள் என்று சொல்லியிருப்பேன். தட்டைப் பற்றிய எந்தப் புகாரும் இல்லாமல் எக்ஸ்ட்4 பிழைகள் மட்டுமே வரிசையாக வந்திருந்தால் ரேமைத்தான் முதலில் சந்தேகித்திருப்பேன், ஒரு இரவு முழுக்க மெம்டெஸ்ட் ஓட்டச் சொல்லியிருப்பேன்.

அடுத்தது ஸ்மார்ட். ‘பாஸ்டு’ என்ற சொல்லுக்கு நீங்கள் கொடுக்கும் மதிப்பு அதற்கு உரியது அல்ல. தயாரிப்பாளர் தாமே வகுத்த வரம்பை ஏதாவது ஒரு பண்பு தாண்டிவிட்டதா என்ற ஒற்றைக் கேள்விக்கான பதில்தான் அது, அந்த வரம்புகளோ மிகவும் தாராளமானவை. அது ‘ஃபெயில்டு’ என்று சொன்னால் உடனே நம்ப வேண்டும், ‘பாஸ்டு’ என்று சொன்னால் எந்த முடிவுக்கும் வரக்கூடாது. பார்க்க வேண்டியது கீழே வரும் அட்டவணையின் கடைசி நெடுவரிசையில் இருக்கும் மூல மதிப்புகள். உங்கள் அட்டவணையில் 197ஆம் எண்ணுள்ள ‘கரன்ட் பென்டிங் செக்டர்’ 16 என்றும், 5ஆம் எண்ணுள்ள ‘ரீஅலொகேட்டட் செக்டர்’ 0 என்றும், 199ஆம் எண்ணுள்ள சிஆர்சி பிழைக் கணக்கு 0 என்றும் இருக்கின்றன. 199 சுழியமாக இருப்பது கேபிளை ஏறக்குறைய விடுவித்துவிடுகிறது. வேறு யாராவது இதைப் படித்துத் தங்கள் தட்டில் 199ஆம் எண்ணுக்கு எதிரே ஒரு எண்ணைக் கண்டு பதற வேண்டாம்: அந்தக் கணக்கு ஒருபோதும் குறையாது, என்றோ மாற்றிய பழைய கேபிளின் பிழைகளும் அதில் நின்றுகொண்டேயிருக்கும், இன்றைக்கும் ஏறுகிறதா என்பது மட்டுமே கேள்வி. அதேபோல் சீகேட் தட்டுகளில் 1, 7 ஆகிய எண்களுக்கு எதிரே கோடிக்கணக்கில் தெரியும் மூல மதிப்பு, அந்தத் தயாரிப்பாளர் பிழைகளையும் செயல்களின் எண்ணிக்கையையும் ஒரே எண்ணுக்குள் அடைத்து வைப்பதால் வருவது.

இனி அந்த 16. நீங்கள் ‘16 செக்டர்தானே, கோடிக்கணக்கில் இருக்கின்றனவே’ என்கிறீர்கள், கூடவே 5ஆம் பண்பு சுழியமாக இருப்பதையும் ஆறுதலாகச் சொல்கிறீர்கள். இன்றைய தட்டுகளில் பெரும்பாலானவை உள்ளே 4096 பைட் செக்டர்களைக் கொண்டு, வெளியே 512 பைட் செக்டர்களாகக் காட்டிக்கொள்கின்றன. ஆகவே உள்ளே ஒரு செக்டர் கெட்டால் வெளியே எட்டாகத் தெரியும், உங்கள் 16 அநேகமாக இரண்டு உண்மையான செக்டர்கள். எண்ணிக்கை சிறியதுதான், ஆனால் ‘பென்டிங்’ என்ற சொல்லின் பொருளைக் கவனிக்க வேண்டும். படிக்க முடியாத ஒரு செக்டரைத் தட்டு உடனே ஒதுக்கிவிட முடியாது, ஒதுக்கினால் அதிலிருந்த தரவு என்னவென்று கேட்பவருக்கு என்ன பதில் சொல்வது? அதனால் அதைக் காத்திருப்புப் பட்டியலில் வைத்து, யாராவது அதன்மேல் புதிதாக எழுதும்வரை பொறுத்திருக்கிறது. எழுதும்போது அந்த இடம் தரவைப் பிடித்துக்கொண்டால் பட்டியலிலிருந்து பெயர் நீங்கிவிடும், 5ஆம் பண்பு ஏறாது. பிடிக்காவிட்டால்தான் மாற்று இடம் ஒதுக்கப்பட்டு 5ஆம் பண்பு ஏறும். எனவே 5 சுழியமாகவும் 197 பதினாறாகவும் இருப்பது, படிக்க முடியாத தரவு இந்த நிமிடம் உங்கள் தட்டில் இருக்கிறது என்பதையே சொல்கிறது.

எஃப்எஸ்சிகே ஓடியபோது ‘எரர் ரீடிங் பிளாக்’ என்று சில வரிகள் ஓடி மறைந்ததாகப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். என்னைப் பொறுத்தவரை உங்கள் கேள்வியிலேயே கவலைக்குரிய வாக்கியம் அதுதான். ஒரு பிளாக்கை, அதாவது கோப்பு முறைமை ஒரே அலகாகக் கையாளும் துண்டை, படிக்க முடியாதபோது எஃப்எஸ்சிகே இரண்டு கேள்விகள் கேட்கும்: பிழையைப் புறக்கணிக்கலாமா, அந்த பிளாக்கைக் கட்டாயமாக மறுபடி எழுதலாமா. ஒய் விருப்பம் இரண்டுக்குமே ‘ஆம்’ சொல்லிவிடுகிறது. மறுபடி எழுதப்படுவது பழைய தரவாக இருக்க முடியாது, அது படிக்கப்படவே இல்லையே. அந்த பிளாக், ஒவ்வொரு கோப்பின் விவரத்தையும் வைத்திருக்கும் ஐநோடுகளின் அட்டவணையில் ஒரு பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ட்4-இல் ஒரு ஐநோடு வழக்கமாக 256 பைட், ஒரு பிளாக் 4096 பைட், எனவே ஒரு பிளாக்கில் 16 ஐநோடுகள் இருக்கும். அந்தப் பதினாறு கோப்புகளின் அளவு, உரிமையாளர், தரவு எங்கே கிடக்கிறது என்ற விவரம் எல்லாம் ஒரே எழுத்தில் போய்விடுகின்றன. அவற்றைச் சுட்டிக்கொண்டிருந்த கோப்புறைப் பதிவுகள் இப்போது ஒன்றுமில்லாததைச் சுட்டுவதால் எஃப்எஸ்சிகே அவற்றையும் ஒழுங்காகத் துடைத்துவிடும். பதினாறில் ஒன்று கோப்புறையாக இருந்திருந்தால், அதற்குள் இருந்தவை அனாதைகளாகி, லாஸ்ட்ஃபவுண்ட் கோப்புறையில் எண்களையே பெயராகக் கொண்டு வந்து விழும். அந்தக் கோப்புறையை ஒருமுறை திறந்து பாருங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது, ஆனால் அதைக்கூட இப்போது செய்ய வேண்டாம், நகலில் பார்த்துக்கொள்ளலாம்.

ஆக, இரண்டு முறை கோப்பு முறைமை ‘சரியானது’ இப்படித்தான் நடந்திருக்க வேண்டும்: படிக்க முடியாத பிளாக்கின்மேல் எழுதியதும் அந்தச் செக்டர் காத்திருப்புப் பட்டியலிலிருந்து நீங்கியது, கணக்குகளும் தமக்குள் ஒத்துப்போயின, கணினி எழுந்தது. பிறகு வேறொரு செக்டர் கெட்டது. எஃப்எஸ்சிகே தரவை மீட்கும் கருவி அல்ல, கோப்பு முறைமையின் கணக்கு தனக்குள் முரண்படாமலிருக்கச் செய்வது மட்டுமே அதன் வேலை, அதற்காக எதையும் வெட்டி எறியத் தயங்காது. இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில், ஓர் அலுவலகத்தின் கணக்குக் கோப்புகள் இருந்த தட்டில், பிழைச் செய்தியைக் கண்டதும் யோசிக்காமல் ஒய் போட்டு ஓட்டினேன். முடிந்ததும் கோப்பு முறைமை துளிக் குறையில்லாமல் மவுன்ட் ஆனது (கணினியோடு இணைந்தது), ஆனால் கோப்புறைகள் காலியாக இருந்தன. எண்களைப் பெயராகக் கொண்ட ஆயிரக்கணக்கான கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து, எது எந்த மாதத்துக் கணக்கு என்று பிரிக்க மூன்று வாரம் ஆயிற்று.

எது உறுதி, எது ஊகம் என்று இங்கே பிரித்துவிடுகிறேன். தட்டின் பரப்பில் படிக்க முடியாத இடங்கள் இருப்பது உறுதி, கேபிளோ ரேமோ முதன்மைக் காரணம் அல்ல என்பதும் ஏறக்குறைய உறுதி. தட்டு செத்துக்கொண்டிருக்கிறது என்பது மட்டும் ஊகம், வலுவான ஊகம். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் அறுந்தால், பாதி எழுதப்பட்ட செக்டரின் தரவும் அதன் பிழைதிருத்தக் குறியீடும் பொருந்தாமல் போய், பரப்பில் எந்தப் பழுதும் இல்லாமலே ஒரு ‘பென்டிங்’ தோன்றுவதுண்டு. அப்படிப்பட்ட தட்டுகள் மறுபடி எழுதியபின் பல ஆண்டுகள் உழைத்திருக்கின்றன. ஆனால் உங்களுக்கு இது சில நாள் இடைவெளியில் திரும்பத் திரும்ப நடக்கிறது, நடுவில் மின்தடை எதுவும் ஏற்பட்டதாகவும் நீங்கள் சொல்லவில்லை. 2007இல் கூகுள் பொறியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தட்டுகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையில், பரப்புச் சோதனையில் முதல் பிழையைக் காட்டிய தட்டு அடுத்த 60 நாட்களில் பழுதாகும் வாய்ப்பு, பிழை காட்டாத தட்டைவிட 39 மடங்கு என்று கண்டார்கள். அதே கட்டுரையின் மறுபக்கமும் முக்கியம்: பழுதான தட்டுகளில் 56 சதவீதத்தில், மிக வலுவான குறிகளாகக் கருதப்பட்ட நான்கு ஸ்மார்ட் பண்புகளில் ஒன்றுகூட ஏறியிருக்கவில்லை. குறி தெரிந்தால் நம்பலாம், குறி இல்லை என்பதை நம்பி உறங்கக்கூடாது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். உங்களுக்குக் குறி தெரிந்துவிட்டது.

செய்ய வேண்டியது, வரிசை மாறாமல், இது. கணினியை அணைத்துவிட்டு, இயங்குதளத்தைத் தன்னிலேயே வைத்திருக்கும் லைவ் யுஎஸ்பி ஒன்றிலிருந்து எழுப்புங்கள். மீட்க வேண்டியது உண்மையில் ஒரு சில கோப்புறைகள்தான் என்றால், முதலில் அவற்றை மட்டும் நகலெடுப்பது மேல், ஏனென்றால் தட்டு எத்தனை மணி நேரம் தாங்கும் என்பது யாருக்கும் தெரியாது. அப்போது பார்ட்டிஷனைப் படிக்க மட்டும் என்று மவுன்ட் செய்தால் போதாது: எக்ஸ்ட்4 அப்போதும் ஜர்னலை ஓட்டிப் பார்த்துத் தட்டில் எழுதும். ‘நோலோடு’ என்ற விருப்பத்தையும் சேர்த்துக் கொடுத்தால்தான் அது கையைக் கட்டிக்கொண்டு இருக்கும். முழுத் தட்டும் வேண்டும் என்றால் மவுன்ட் செய்யவே செய்யாமல் குனு டிடிரெஸ்க்யூ கொண்டு நகலெடுங்கள். சாதாரண டிடி கட்டளை முதல் பிழையிலேயே நின்றுவிடும். டிடிரெஸ்க்யூ, நன்றாகப் படிக்க முடிகிற பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களைக் கடைசிக்கு ஒதுக்கிவைக்கும். அதற்கு மேப் கோப்பு ஒன்றைக் கட்டாயம் கொடுங்கள், அதையும் பழுதான தட்டில் அல்லாமல் வேறிடத்தில் வையுங்கள். நடுவில் தட்டு தொங்கிப்போய் அணைத்துப் போட நேர்ந்தாலும், விட்ட இடத்திலிருந்து தொடர அந்தக் கோப்புதான் வழி. முதல் சுற்றை ‘-n’ விருப்பத்தோடு, அதாவது கெட்ட இடங்களைச் சுரண்டாமல் ஓட்டுங்கள், அது முடிந்த பிறகு மூன்று மறுமுயற்சிகளோடு இரண்டாம் சுற்று. பெரும்பாலான சமயம் முதல் சுற்றிலேயே 99 சதவீதத்துக்கு மேல் வந்துவிடும்.

இந்த இடத்தில் மனிதர்கள் செய்யும் பிழை, தட்டு செய்யும் பிழையைவிடக் கொடியது. டிடிரெஸ்க்யூ-வுக்கு முதலில் மூலத்தையும் பிறகு இலக்கையும் கொடுக்க வேண்டும், மாற்றிக் கொடுத்தால் வெற்றுத் தட்டை உங்கள் தரவின்மேல் எழுதிவிடும். லைவ் யுஎஸ்பியில் எழுப்பும்போது எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் இடம் மாறக்கூடும் என்பதால், தட்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையில் மாடல், சீரியல் எண் இரண்டையும் பார்த்து, தட்டின்மேல் ஒட்டியிருக்கும் சீட்டோடு ஒப்பிட்டுவிட்டு என்டர் அழுத்துங்கள். இலக்குத் தட்டு மூலத்தைவிட ஒரு செக்டர்கூடச் சிறியதாக இருக்கக்கூடாது. தட்டுக்குப் பதில் கோப்பாக நகலெடுத்தால், ஃபேட்32-இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது என்பதை நினைவில் வையுங்கள். நகல் முடிந்ததும் பழைய தட்டைக் கழற்றிவிடுங்கள், இரண்டிலும் யுயுஐடி என்ற அடையாள எண் ஒன்றாகவே இருக்கும் என்பதால் சேர்ந்து இணைத்துப் பூட் செய்தால் எது எழும் என்று சொல்ல முடியாது.

எஃப்எஸ்சிகே-க்கு உரிய இடம் இப்போதுதான் வருகிறது, அதுவும் நகலின்மேல். முதலில் எதையும் எழுதாமல் பார்க்க மட்டும் செய்யும் ‘-n’ விருப்பத்தோடு ஓட்டி, என்னென்ன கேட்கிறது என்று படியுங்கள். பக்கம் பக்கமாகக் கேள்வி வந்தால் நகலுக்கும் ஒரு நகல் எடுத்துவைத்துக்கொண்ட பிறகே ஒய் போடுங்கள்.

கெட்டுப்போன செக்டரில் எந்தக் கோப்பு இருந்தது என்று கண்டுபிடிக்க முடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். முடியும், சின்னக் கணக்குதான். உங்கள் பார்ட்டிஷன் 1050624ஆம் செக்டரில் தொடங்குகிறது. 211814405-இலிருந்து அதைக் கழித்தால் 210763781. ஒரு பிளாக்குக்கு எட்டு செக்டர் என்பதால் எட்டால் வகுத்து, பின்னத்தை விட்டுவிட்டால் 26345472. டிபக்எஃப்எஸ் கருவியை நகலின்மேல் திறந்து, ஐசெக் கட்டளைக்கு இந்த எண்ணைக் கொடுத்தால் ஐநோடு எண் வரும், அதை என்செக் கட்டளைக்குக் கொடுத்தால் கோப்பின் பெயர் வரும். ஐநோடு எதுவும் கிடைக்காவிட்டால் டெஸ்ட்பி கட்டளையில் அதே பிளாக்கைக் கேட்டுப் பாருங்கள். பயன்பாட்டில் இல்லை என்றால் அது காலி இடம், எந்த நஷ்டமும் இல்லை. பயன்பாட்டில் இருக்கிறது, ஆனால் எந்த ஐநோடுக்கும் சொந்தமில்லை என்றால், அது கோப்பு முறைமையின் சொந்தக் கணக்கேடு. உங்களுக்கு மறுபடி மறுபடி ‘ரீட்-ஒன்லி’ வருவதால் இந்தப் பதிலைத்தான் எதிர்பார்க்கிறேன், ஆனால் எண்ணைப் போட்டுப் பார்க்காமல் சொல்ல முடியாது.

உங்கள் தட்டின் விஷயத்தை விட்டுச் சற்று விலகி, வேறு கோப்பு முறைமை வைத்திருப்பவர்களுக்கு ஓரிரு வரிகள். எக்ஸ்எஃப்எஸ்-இல் எஃப்எஸ்சிகே என்ற பெயரில் இருக்கும் கட்டளை எதையும் செய்யாமல் திரும்பிவிடும், அங்கே கருவி எக்ஸ்எஃப்எஸ்-ரிப்பேர், அதன் பெரிய எல் விருப்பம் பதிவேட்டையே அழித்துவிடும் என்பதால் கடைசிப் புகலிடம். பிடிஆர்எஃப்எஸ்-இல் ‘ஸ்க்ரப்’ ஓட்டுவது பத்திரம், ‘செக்’ கட்டளையோடு ‘ரிப்பேர்’ சேர்ப்பது ஆபத்து. என்விஎம்இ எஸ்எஸ்டி தட்டுகளில் மேலே சொன்ன எண்கள் எதுவும் இருக்காது, அங்கே ‘மீடியா அண்டு டேட்டா இன்டெக்ரிட்டி எரர்ஸ்’ சுழியமாக இருக்கிறதா, ‘அவெய்லபிள் ஸ்பேர்’ குறைகிறதா என்று பார்க்க வேண்டும். அவற்றில் பல, சுழலும் தட்டைப்போல் முனகாமல், ஒரு காலையில் பயாஸுக்கே தெரியாமல் போய்விடும்.

தரவு பத்திரமான பிறகு பழைய தட்டைச் சோதித்துப் பார்க்க ஆசைப்பட்டால் தாராளமாகச் செய்யுங்கள், முன்னால் மட்டும் செய்யாதீர்கள், முழுப் பரப்பையும் மணிக்கணக்கில் படிக்கும் நீண்ட ஸ்மார்ட் சோதனை தள்ளாடும் தட்டுக்கு வீண் உழைப்பு. ஒருமுறை முழுக்கச் சுழியம் எழுதி, நீண்ட சோதனை ஓட்டி, 5, 197, 198 (மீட்க முடியாத செக்டர்கள்) ஆகிய மூன்று எண்களையும் குறித்துக்கொண்டு, ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். எழுதிய பின் 197 சுழியமாகி, அப்படியே நின்றால், போனால் கவலையில்லை என்ற கோப்புகளுக்கு அதை வைத்துக்கொள்ளலாம். எந்த எண் ஏறினாலும், இரண்டே ஏறியிருந்தாலும், அந்தத் தட்டு முடிந்தது. புதிய தட்டை மாட்டிய பிறகும், யுஎன்சி என்ற சொல்லே இல்லாமல், எக்ஸ்ட்4 பிழை மட்டும் மறுபடி வந்தால் நான் மேலே ‘ஏறக்குறைய உறுதி’ என்று சொன்னது தவறு என்று பொருள். அப்போது மெம்டெஸ்ட் ஓட்டி அதன் முடிவையும், புதிய டிமெசேஜ் வரிகளையும் இங்கேயே இணையுங்கள், பார்க்கிறேன்.